சருகு முதல் கட்டை வரை: தோட்ட இயந்திரங்களைச் சரியாகப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நாலு மரம் நிற்கும் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். பழுத்த இலை, நெற்று, சுள்ளி, காற்றில் முறிந்த கிளை, கவாத்து செய்த மிச்சம் என்று வரிசையாக வந்து சேரும். அத்தனையையும் மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறவர்கள் உண்டு, மூலையில் குவித்துக் கொளுத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டம்தான். மரம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட சத்தில் ஒரு நல்ல பங்கு அந்த இலைகளில் இருக்கிறது. அதை வெளியே அனுப்பிவிட்டு, அதே சத்தைக் காசு கொடுத்து உரமாக வாங்கிப் போடுகிறோம். கொளுத்தினாலோ நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் நுண்துகள் புகையைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் கொடுக்கிறோம்.

தோட்ட இயந்திரங்களால் இரண்டு வேலைகள் ஆகும். ஒன்று, பொருளைச் சிறிதாக்குவது. இலையையும் மிலாறையும் அரைக்கும் ஷ்ரெடரும், கிளையைச் சில்லாக்கும் சிப்பரும் இதற்கு. மற்றது, தேவையான இடத்துக்கு நகர்த்துவது. காற்றை ஊதிச் சருகைத் தள்ளும் ப்ளோயர் இதற்கு. எந்தப் பொருளை எந்த இயந்திரத்துக்குக் கொடுப்பது என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டும். பிளேடு மழுங்குவது, இயந்திரம் அடைத்துக்கொள்வது, கல் தெறிப்பது போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவை, பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளுவதால் வருபவை. அதனால் இந்த வழிகாட்டி சுவிட்சைப் போடுவதற்கு முன்பிருந்தே தொடங்குகிறது.

படி 1: பிரித்துக் குவியுங்கள்

எதை அள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடைபாதை, வடிகால், கூரை, வாசல், புல்தரை ஆகிய இடங்களில் சருகு கிடந்தால் தொல்லை. வழுக்கும், தண்ணீர் தேங்கும், புல் மூச்சுத் திணறிச் சாகும். மரத்தடியிலும் புதர்களுக்கு அடியிலும் கிடக்கும் சருகால் ஒரு தொல்லையும் இல்லை. மண்புழு, வண்டு, தவளை, வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. அதை அப்படியே விட்டுவிடுங்கள். பல தோட்டங்களில் இந்த ஒரு முடிவே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அள்ள வேண்டியதை நான்கு குவியலாகப் பிரியுங்கள். காய்ந்த சருகு ஒன்று. பச்சை இலையோடு கூடிய, சுண்டுவிரலைவிட மெல்லிய மிலாறு இன்னொன்று. சுண்டுவிரல் பருமனுக்கு மேல், உங்கள் சிப்பர் தாங்கும் அளவு வரையுள்ள கிளைகள் மூன்றாவது. அதற்கும் தடித்தவை நான்காவது. கிளைகளை அடுக்கும்போது அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கட்டும். பின்னால் இயந்திரத்துக்குக் கொடுக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியிருக்காது.

இவை போக, இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாதவை சில உண்டு. மண் ஒட்டிய வேர், கல், வேலிக்கம்பி, ஆணி, செடியைக் கட்டிய நைலான் கயிறு ஆகியவை அந்த வகை. பழைய வேலியோரம் நின்ற மரத்தின் கிளையென்றால் பட்டைக்குள் கம்பி புதைந்திருக்கலாம், கூர்ந்து பாருங்கள். வேரில் ஒட்டிய மணல் ஒரு கைப்பிடி போதும், புதிதாகத் தீட்டிய பிளேடு மழுங்கிவிடும். அரளி போன்ற நச்சுச் செடிகளை அரைத்தால் சாறும் தூசியும் தெறிக்கும். அவற்றைக் கையால் வெட்டித் தனியாக ஒதுக்குவதே நல்லது.

ஓர் இரவு கிடந்த குவியலாக இருந்தாலும் கையை உள்ளே விடாதீர்கள். பாம்பு, தேள், குளவி எதுவும் இருக்கலாம். நீளமான ரேக்கால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து, ஓடுவதற்கு வழியும் நேரமும் கொடுங்கள்.

படி 2: உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, காலுக்கு மூடிய பூட்ஸ், உடம்பை ஒட்டிய உடை. தொங்கும் துண்டு, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. சிப்பருக்குக் கிளை கொடுக்கும்போது மணிக்கட்டில் அகன்று விரியும் கையுறையைப் போடாதீர்கள். அதன் விளிம்பில் ஒரு சுள்ளி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

காதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். முதுகில் சுமக்கும் பெட்ரோல் ப்ளோயரும், கத்தி வகை ஷ்ரெடரும் இயக்குபவரின் காதருகே 100 டெசிபலை நெருங்கக் கூடியவை. காதடைப்பான் போடாமல் கொஞ்ச நேரம்கூட ஓட்டாதீர்கள். போன செவித்திறன் திரும்பி வராது.

நாள்பட்டு ஈரத்தில் ஊறிய சருகில் பூஞ்சை பிடித்திருக்கும். கிளறினால் வித்துகள் தூசியோடு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பெரும் தொல்லை. என்95 தர முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், துணி முகக்கவசம் போதாது.

மின்கம்பியில் ஓடும் கருவியென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) உள்ள இணைப்பில் மட்டும் மாட்டுங்கள். மெல்லிய, நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். 2,500 வாட் ஷ்ரெடருக்கு 25 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. வயர் தேவை. அதற்கு மேல் நீளமென்றால் 2.5 சதுர மி.மீ. வேண்டும். சுருட்டி வைத்த வயரை முழுக்க விரித்துவிட்டே ஓட்டுங்கள், சுருளாக இருந்தால் அதுவே சூடேறி உருகும்.

படி 3: ப்ளோயர்: தள்ளுவதற்கு, துரத்துவதற்கு அல்ல

ப்ளோயர் வாங்கும்போது காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். வேகம் ஒட்டிக்கொண்ட இலையைப் பெயர்க்கும். பெயர்ந்த குவியலை நகர்த்துவது காற்றின் அளவு. பெரிய தோட்டத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று குறிப்பிடும் சி.எஃப்.எம். எண்தான் முக்கியம். நடைபாதையும் முற்றமும் மட்டும் என்றால் சின்ன பேட்டரி ப்ளோயர் போதும்.

பெட்ரோலா பேட்டரியா என்று கேட்டால், வீட்டுத் தோட்டத்துக்குப் பேட்டரி என்றே சொல்வேன். கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறது. தொழில்முறை பெட்ரோல் ப்ளோயரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வெளியாகும் புகைமூட்ட மாசு, டொயோட்டா கேம்ரி காரில் சுமார் 1,770 கிலோமீட்டர் போவதற்குச் சமம். அந்தப் புகைக்கு மிக அருகில் நிற்பவர் ஓட்டுபவர்தான்.

ஓட்டும் முறை இதுதான். காற்றடிக்கும் திசையிலேயே வேலை செய்யுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். குழாயைத் தரையோடு தாழ்வாக, சரிவாகப் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாக வீசி, ஒரு வரிசையாக நகர்த்துங்கள். குவியலின் நடுவில் ஊதினால் சிதறும், அதன் அடியில் ஊதினால் உருளும். போய்ச் சேரும் இடத்தில் முன்கூட்டியே தார்ப்பாய் விரித்து, விளிம்பை மடித்துக் கல் வைத்திருங்கள். பாதி வேகத்திலேயே வேலை நடக்கும், முழு வேகம் தூசியைத்தான் கிளப்பும். வெறும் மண்ணிலும் சரளைக்கல் பரப்பிலும் ப்ளோயரே வேண்டாம், ரேக் போதும். மேல்மண்ணைப் பறக்கவிடுவது சருகைப் பறக்கவிடுவதைவிடப் பெரிய இழப்பு. ஆட்களும் பிள்ளைகளும் 15 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். வடிகாலுக்குள்ளோ தெருவுக்கோ தள்ளிவிடாதீர்கள்.

சருகு ஈரமாக இருந்தால் காத்திருங்கள். பனி காய்ந்த பிறகு பத்து நிமிடத்தில் முடியும் வேலை, அதற்கு முன் அரை மணி நேரம் இழுக்கும்.

சில ப்ளோயர்களைத் திருப்பி மாட்டினால் உறிஞ்சி, உள்ளே அரைத்து, பையில் நிரப்பும். பத்துப் பை ஒரு பையாகும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் காய்ந்த, மெல்லிய இலைக்கு மட்டும் நம்பலாம். பூந்தொட்டிகளின் இடுக்கிலும் புதரோரத்திலும் இது அருமையாக உதவும், முழுத் தோட்டத்துக்கும் சரிவராது. கல்லும் நெற்றும் உள்ளே போனால் பிளாஸ்டிக் விசிறி உடையும். உலோக விசிறி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 4: புல்தரை இருந்தால் புல்வெட்டியே போதும்

புல்தரையில் விழும் சருகை வாரவே வேண்டாம். புல்வெட்டியின் உயரத்தை ஏழு எட்டு சென்டிமீட்டருக்கு ஏற்றி, சருகு காய்ந்திருக்கும் நேரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு குறுக்குத் திசையில் இன்னொரு முறை ஓட்டுங்கள். நகத்தளவுத் துணுக்காக நறுக்கப்பட்ட இலை புல்லின் இடையில் இறங்கி, சில வாரங்களில் மட்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வுகள் இந்த முறையால் புல்லுக்குக் கேடில்லை என்று காட்டியிருக்கின்றன.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஓட்டி முடித்துப் பார்த்தால் புல் நன்றாகத் தெரிய வேண்டும். பாதிக்கு மேல் துணுக்கு மூடியிருந்தால் மிச்சத்தைப் பையில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பையில் சேரும் சருகும் பச்சைப்புல்லும் கலந்த கலவை, மட்குரக் குழிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள். புல்தரை இல்லாதவர்கள்கூடச் சருகைச் சமதரையில் மெல்லிய படுகையாகப் பரப்பி அதன்மேல் புல்வெட்டியை ஓட்டி நறுக்கலாம். கல் இல்லாத இடமாக இருப்பது அவசியம்.

படி 5: ஷ்ரெடரும் சிப்பரும்

இங்கேதான் நிதானம் அதிகம் தேவை. வீட்டு உபயோக மின் ஷ்ரெடர்களில் இரண்டு வகை உண்டு. வேகமாகச் சுழலும் கத்தித்தட்டு உள்ளது ஒன்று. இலையையும் மிலாறையும் நன்றாக அரைக்கும், சத்தம் அதிகம், கிளையைத் தானாக இழுக்காது. பற்சக்கர உருளை உள்ளது மற்றது. மெதுவாகச் சுற்றும், சத்தம் குறைவு, கிளையைத் தானே இழுத்து நசுக்கி நறுக்கும். ஆனால் ஈர இலையும் மெல்லிய கொடியும் அதில் வெட்டுப்படாமல் நார்நாராகத் தொங்கும். உங்கள் தோட்டத்தில் இலை அதிகமா, கிளை அதிகமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய தோப்பு என்றால் பெட்ரோலில் ஓடும் சிப்பர் தேவைப்படும். ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வேலை என்றால் அதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

பெட்டியில் 40 அல்லது 45 மி.மீ. என்று போட்டிருக்கும் அளவு, நேரான, பச்சையான, மென்மையான மரத்துக்கானது. காய்ந்து இறுகிய கிளைக்கு அதில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். இன்னொரு உண்மை, வெட்டிய வாரத்திலேயே அரைப்பது எளிது. ஆறு மாதம் காய்ந்த கிளை அதே பருமனில் இரண்டு மடங்கு முரண்டு பிடிக்கும், பிளேடையும் சீக்கிரம் மழுக்கும்.

இயந்திரத்தைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்துங்கள். முழு வேகம் எடுக்கும் வரை எதையும் போடாதீர்கள். கிளையின் தடித்த அடிப்பக்கத்தை முதலில் கொடுங்கள். பக்கக் கிளைகள் கவட்டையாக விரிந்திருந்தால் கத்தரிக்கோலால் முன்பே வெட்டிவிடுங்கள். வாய்க்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கிளை பிடிபட்டதும் கையை விட்டுவிடுங்கள். உள்ளே போகும்போது அதன் நுனி சாட்டையாக அடிக்கும். கடைசித் துண்டைக் கையால் தள்ளவே கூடாது. கூட வந்த தள்ளுகோலையோ அடுத்த கிளையையோ வைத்துத் தள்ளுங்கள். பெரிய சிப்பர்களில் உயிர்ப்பலி நேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இயந்திரம் மனிதக் கை பின்வாங்குவதைவிட வேகமாக இழுக்கும்.

இயந்திரத்தின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். காதடைப்பான் போட்டிருந்தாலும் சுருதி இறங்குவது தெரியும். இறங்கினால் கொடுப்பதை நிறுத்தி, மீண்டும் ஏறும் வரை பொறுங்கள். நாலு கைப்பிடி ஈர இலைக்கு இரண்டு காய்ந்த கிளை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், கிளை உள்ளே ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு போகும்.

தென்னை, பனை ஓலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றின் நீண்ட நார் அறுபடாமல் இயந்திரத்தின் சுழல்தண்டில் சுற்றிக்கொள்ளும். ஓலையை மட்டையிலிருந்து பிரித்து, முழம் அளவுக்கு வெட்டிப் போடுங்கள். சாதாரண வீட்டு ஷ்ரெடருக்கு மட்டையைக் கொடுக்கவே வேண்டாம். வாழைத்தண்டும் இப்படித்தான், நாரும் நீரும் சேர்ந்து உள்ளே களியாக அப்பிக்கொள்ளும்.

அடைத்துக்கொண்டால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்ரோல் இயந்திரமென்றால் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியென்றால் பேட்டரியை வெளியே எடுங்கள்.
2. சுழற்சி முழுதாக நிற்கும் வரை காத்திருங்கள். கனமான தட்டு அணைத்த பிறகும் பல விநாடிகள் சுற்றும்.
3. வெளியேறும் பக்கத்திலிருந்து குச்சியால் சுரண்டி எடுங்கள். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.
4. உருளை வகையென்றால் மூடியை மூடி, பிளக்கை மாட்டி, பின்னோக்கிச் சுற்றும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.
5. அப்படியும் சரியாகவில்லை என்றால், மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து கையுறையோடு எடுங்கள். அடைப்பு விடுபடும் நொடியில் தட்டு தானாகக் கொஞ்சம் சுற்றக் கூடும், விரலை விளிம்பில் வைக்காதீர்கள்.

பிளேடின் நிலையைத் தெரிந்துகொள்ள இயந்திரத்தைத் திறக்கத் தேவையில்லை. வெளியே வந்த சில்லுகளில் ஒரு பிடியை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். கூரான பிளேடு வெட்டிய சில்லு, ஓரம் சுத்தமாக, ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், பட்டை மரத்தோடு ஒட்டியிருக்கும். மழுங்கியிருந்தால் சில்லு பிய்ந்து, நார் நீண்டு, நடுவே தூள் நிறைய இருக்கும். கிளையையும் முன்போல இழுக்காது, நீங்கள் அழுத்த வேண்டியிருக்கும். பல பிளேடுகளைத் திருப்பி மாட்டினால் மறுபக்கமும் வெட்டும். இரண்டு பக்கமும் தேய்ந்த பிறகு தீட்டக் கொடுங்கள். தீட்டிய பின் பிளேடுக்கும் எதிர்த்தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திருத்த மறக்காதீர்கள். உருளை வகையில் இந்த இடைவெளியைத் திருத்தும் திருகு வெளியிலேயே இருக்கும். கிளை வெட்டுப்படாமல் சங்கிலிபோலத் தொங்கி வந்தால் அதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

படி 6: தடித்த கட்டைகள்

மோட்டாரில் ஓடும் சங்கிலி வாளான செயின்சாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் படித்துக் கற்க முடியாது, தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும். வாளின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். அதனால் இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்குக் கீழே, தரையில் நின்று மட்டுமே அறுக்க வேண்டும். ஏணி கூடாது. புயலில் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வளைந்து கிடக்கும் கிளைகள் அறுபட்ட நொடியில் வில்லாக நிமிர்ந்து அடிக்கும். அவற்றையும் மின்கம்பிக்கு அருகிலுள்ள எதையும் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

தடித்த கட்டையை எல்லாம் சில்லாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாத்தி ஓரமாக அடுக்கலாம், இருக்கையாக்கலாம், ஒரு மூலையில் கிடத்தி மட்கவிடலாம். வண்டுகளுக்கும் ஓணான்களுக்கும் அது வீடு.

படி 7: அரைத்ததை எங்கே போடுவது

நறுக்கிய சருகை மட்டும் கம்பிவலைக் கூண்டில் அடைத்து ஈரமாக வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இலைமட்கு கிடைக்கும். நறுக்காமல் போட்டால் இரண்டாண்டு வரைகூட ஆகலாம். இதைச் செய்வது பூஞ்சைகள், அதனால் சூடு ஏறாது. கிளற வேண்டிய வேலையும் இல்லை, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேகமாக உரம் வேண்டுமென்றால் கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். காய்ந்த சருகில் அது 40 முதல் 80 வரை, மரச்சில்லில் பல நூறு, பச்சைப்புல்லில் 20ஐ ஒட்டி. ஆகவே சருகோடு பச்சைத்தழை, புல், காய்கறிக் கழிவு, சாணம் என்று ஏதாவது சேர வேண்டும். குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் சூடு நிற்கும். நடுவில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டிக் கொடுங்கள். ஈரப்பதத்துக்கு ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். பிழிந்த துணிபோல இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

மரச்சில்லுக்கு உரக்குழியைவிட மூடாக்குதான் பொருத்தம். மரம், புதர்களைச் சுற்றி 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். ஆவியாகும் தண்ணீர் மிச்சமாகும், களை அடங்கும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பட்டையை ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கி அழுகும். பச்சைச் சில்லு மண்ணின் தழைச்சத்தை உறிஞ்சிவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. மண்ணோடு கலந்தால் அது உண்மை. மேலே பரப்பினால் மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே அந்தப் பாதிப்பு இருக்கும், வேரூன்றிய செடிகளைத் தொடாது. விதை போட்ட பாத்தியிலும் இளநாற்றிலும் மட்டும் தவிருங்கள். கரையான் உள்ள இடமென்றால் வீட்டுச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளியே போடுங்கள். நோய் தாக்கிய மரத்தின் சில்லை அதே இன மரத்தடியில் போட வேண்டாம்.

படி 8: வேலை முடிந்ததும்

கடைசியாக ஒரு காய்ந்த கிளையைக் கொடுத்து உள்ளே ஒட்டியதை வெளியேற்றிவிட்டு, மின் இணைப்பைத் துண்டித்து, மூடியைத் திறந்து பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பச்சை மரச்சாறு காய்ந்தால் பிசினாக இறுகி, அடுத்த முறை தட்டே சுற்றாது. தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். பிளேடில் ஒரு துளி எண்ணெய் தடவினால் துரு ஏறாது. அதிர்வில் தளர்ந்த திருகுகளை இறுக்குங்கள்.

பெட்ரோல் இயந்திரத்தைச் சூடாக இருக்கும்போது சருகின்மேல் வைக்காதீர்கள், சூடான சைலன்சர் போதும் தீப்பற்ற. ஆறிய பிறகே எரிபொருள் ஊற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய், 40:1 என்றால் 25 மில்லி. எது என்று கையேடு சொல்லும். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சிக்கி எஞ்சின் போய்விடும். கலந்த எரிபொருளை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து கார்புரேட்டரைக் கெடுக்கும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள். லித்தியம் பேட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் செய்யுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருக்கப் போகிறது என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில், இயந்திரத்திலிருந்து கழற்றி வையுங்கள்.